பெரிய நகரத்தில் புதிய உணவகங்கள் ஏன் மூடப்படுகின்றன: கடை போட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சமையல் தெரிந்தவன் இல்லை. பதினான்கு ஆண்டுகளாகச் சிறிய உணவகங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். திறப்பு விழாவுக்கும் போயிருக்கிறேன், சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். புதிதாகக் கடை போட வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் கீழே இருக்கும் கேள்விகள்.

பத்தில் ஒன்பது உணவகம் முதல் வருடத்திலேயே மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பல ஆண்டுகளாக வாய்வழியாகச் சுற்றிவரும் கணக்கு அது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1996 முதல் 1999 வரை திறந்த, மூடிய உணவகங்களைப் பர்சா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் எண்ணிப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் மூடியவை சுமார் 26 சதவீதம். மூன்று ஆண்டுகளில் அது 60 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2014இல் லுவோ என்ற ஆய்வாளரும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஸ்டார்க்கும் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் இருபது ஆண்டுத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, தனியார் ஒற்றைக் கடைகளில் முதல் ஆண்டில் மூடியவை 17 சதவீதம்தான். ஆனால் அதே ஆய்வில், ஒரு உணவகத்தின் ஆயுள் நடுமதிப்பாக நான்கரை ஆண்டுகள், அதாவது பாதிக் கடைகள் அதற்குள் மூடிவிடும் என்றும் வந்தது. ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்யும் கடைகளுக்கு அதையும் விடக் குறைவு.

ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. முதல் ஆண்டைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடவும் வேண்டாம். நான் பார்த்தவரையில் இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகள்தான் கடினம். கைமுதல் தீர்ந்திருக்கும், சாமான்கள் பழுதாகத் தொடங்கியிருக்கும், புதுக் கடை என்ற ஆர்வமும் தெருவில் தணிந்திருக்கும்.

சாப்பாடு நன்றாக இருந்தால் கூட்டம் தானாக வராதா?

வரும். ஆனால் கூட்டம் வந்தும் மூடிய கடைகளின் கணக்குப் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. ருசி இல்லாத கடை நிற்காது என்பது உண்மை. ருசி இருந்தால் நிற்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. வீட்டில் இருபது பேருக்குச் சமைத்துப் பாராட்டு வாங்கியவர், அதே பதார்த்தத்தை அதே ருசியில், அதே அளவில், மதியம் ஒன்றரை மணி நெரிசலில், தான் பக்கத்தில் இல்லாதபோதும் இருநூறு தட்டு வரவைக்க வேண்டும். கைமணம் வேறு, கடை நடத்துவது வேறு. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள வேறொருவர் கடையில் ஆறு மாதமாவது சம்பளத்துக்கு வேலை பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும், ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பெரிய நகரம் என்றால் கூடுதல் ஆபத்து என்ன?

வாடகை, ஆட்கள், வாடிக்கையாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நூறு வேறு கடைகள். சிறிய ஊரில் ஒருநாள் சாப்பாடு சரியில்லை என்றால் மறுவாரம் மறுபடி வருவார்கள், வேறு போக்கிடம் குறைவு. நகரத்தில் ஒருமுறை ஏமாந்தவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. எதிர்க் கடையில் கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்றால் உங்கள் சமையல் மாஸ்டர் சாலையைக் கடந்தால் போதும். சாலை தோண்டும் வேலையோ ரயில் பாதைப் பணியோ வாசலில் தொடங்கினால் பாதி வியாபாரம் மாதக்கணக்கில் போய்விடும். அலுவலகங்களை நம்பி மதியச் சாப்பாடு போட்ட கடைகள் 2020க்குப் பிறகு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபோது அந்தக் கடைகளுக்கு மதிய நேரம் என்பதே இல்லாமல் போனது.

வாடகை எவ்வளவு வரை கொடுக்கலாம்?

மாத வாடகை மூன்று நாள் விற்பனையில் வந்துவிட வேண்டும். அதாவது விற்பனையில் 10 சதவீதம். 12 வரை போனால் இறுக்கிப் பிடித்து ஓட்டலாம். 15ஐத் தாண்டினால், நீங்கள் என்னதான் உழைத்தாலும் வீட்டு உரிமையாளருக்காகவே கடை நடத்துகிறீர்கள்.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. "மூன்று நாள் விற்பனை" என்பதை, எல்லா மேசையும் நிறைந்த நாளை வைத்துப் போடுகிறார்கள். வார நடுவில், மழை பெய்யும் ஒரு நாளை வைத்துப் போடுங்கள். நாற்பது இருக்கை இருந்தால் நாற்பதும் நிறையாது. நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், மிச்ச இரண்டு இருக்கையும் கணக்கில் மட்டும்தான் இருக்கும்.

வாடகையைத் தவிர ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும், எத்தனை மாதம் வெளியேற முடியாது, அட்வான்ஸ் எந்த நிபந்தனையில் திரும்பி வரும், புகை போக்கி வைக்கவும் எரிவாயு இணைக்கவும் எழுத்தில் அனுமதி உண்டா. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள், மாடியில் குடியிருப்பவர்கள் புகாரால் அடுப்பையே பற்றவைக்க முடியாமல் வாடகை கட்டியிருக்கிறார்கள். உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை வேண்டாம் என்று பேசிப் பாருங்கள், கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். கேட்பவர்கள்தான் குறைவு.

இடம் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாசலுக்கு எதிரில் காலை, மதியம், இரவு என்று ஒவ்வொரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் உங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? சாலையின் எந்தப் பக்கம் நிழல்? வீடு திரும்பும் பக்கமா, வேலைக்குப் போகும் பக்கமா?

"பக்கத்தில் ஏற்கெனவே ஐந்து கடை இருக்கிறதே" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. போட்டிக் கடைகள் ஏன் ஒன்றை ஒன்று ஒட்டியே முளைக்கின்றன என்பதைப் பொருளியல் அறிஞர் ஹாரல்டு ஹோட்டலிங் 1929இலேயே விளக்கியிருக்கிறார். உணவகங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: சாப்பிடுவதற்கென்றே ஜனங்கள் வரும் தெரு அது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதே கட்டடத்தில் மூன்று ஆண்டில் மூன்று உணவகம் மாறியிருந்தால், முன்பு நடத்தியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசாமல் அங்கே போகாதீர்கள்.

கையில் எவ்வளவு பணம் மிச்சம் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்?

ஒரு வாடிக்கையாளர்கூட வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவுகள், அதாவது வாடகை, சம்பளம், கடன் தவணை, குறைந்தபட்ச மின்கட்டணம், இவற்றை ஆறு மாதம் தாங்கும் பணம். உள்அலங்காரத்துக்கு ஒதுக்கியது போக, தனியாக. முடிந்தால் தொடவே முடியாத வேறு கணக்கில்.

இந்த இடத்தில்தான் அதிகமான கடைகள் விழுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். நல்ல மனிதர், நன்றாகச் சமைப்பார். சுவருக்கும் விளக்குக்கும் பட்ஜெட்டைத் தாண்டிச் செலவழித்துவிட்டு, ஐந்து வாரச் சம்பளத்துக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு திறந்தார். முதல் மாதம் நண்பர்கள், உறவினர்கள், தெருவாசிகள் என்று திருவிழாக் கூட்டம். அதை நம்பி இரண்டு ஆட்களைக் கூடுதலாகச் சேர்த்தார். மூன்றாவது மாதம் கூட்டம் பாதியானது. அதே வாரம் பெரிய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் எரிந்துபோனது. உள்ளே இருந்த சரக்கு முழுவதையும் கொட்ட வேண்டியிருந்தது. நாள் வட்டிக்கு வாங்கினார். அதற்குப் பிறகு கல்லாவில் விழுந்த பணம் எல்லாம் மாலை ஆறு மணிக்கு வரும் வட்டிக்காரருக்கே போனது. அவருடைய உணவில் கடைசி நாள் வரை எந்தக் குறையும் இல்லை.

கடையில் எப்போதும் கூட்டம் இருக்கிறது, ஆனால் கையில் பணம் தங்கவில்லை. எங்கே போகிறது?

முதலில் ஒரு கடை சரியாக ஓடினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். விற்பனை 100 என்றால் சரக்குக்கு 30 முதல் 35, ஆட்களுக்கு ஏறத்தாழ 30. இந்த இரண்டும் சேர்ந்து 65ஐத் தாண்டக் கூடாது. வாடகை 10. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பழுது, பொட்டலப் பொருட்கள், கார்டு கட்டணம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து இன்னும் 20 போகும். மிச்சம் 5 முதல் 10. நன்றாக நடக்கும் கடையிலேயே இவ்வளவுதான். ஆகவே எங்கோ ஐந்து ஒழுகினால் ஆண்டு முழுவதும் உழைத்தது போய்விடும்.

இப்போது ஒழுகும் இடங்களுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கூட்டம் தெருவரை நிற்கும், மாத முடிவில் ஒன்றும் மிஞ்சாது. ஒருநாள் மாலை தராசை எடுத்துக்கொண்டு பரிமாறும் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எழுதிவைத்த அளவு ஒரு தட்டுக்கு 150 கிராம். முதல் தட்டு 182. அடுத்தது 170. பிறகு 195, 188. மாஸ்டரிடம் காட்டினேன். "எல்லாம் கைக்கணக்குதான் சார், குறைச்சா மனசு கேக்காது" என்றார். தப்பான மனிதர் இல்லை, தாராளமானவர். ஆனால் சராசரி 184 என்றால் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதல். எல்லாத் தட்டிலும் அப்படியே போனால் 30 ஆக இருக்க வேண்டிய சரக்குச் செலவு 36ஐத் தாண்டுகிறது. அந்தக் கடையின் மொத்த லாபமும் அந்தக் கரண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் 150 கிராம் கொள்ளும் கரண்டியாகப் பார்த்து வாங்கினோம். யாரும் குறை சொல்லவில்லை, முன்பு தட்டில் மிஞ்சிப்போனதுதான் குறைந்தது.

மற்ற ஓட்டைகளும் இதேபோலச் சின்னவை. வாங்கிய எடைக்கும் கழுவி நறுக்கிய எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விலை வைப்பது. பழைய சரக்கு பின்னால் இருக்க, புதிதாக வந்ததை முன்னால் அடுக்குவது. பின்வாசலில் எடை போடாமல் இறக்குவது. பில் போடாமல் போகும் தட்டுகள். தெரிந்தவர்களுக்கு இலவசம். வாரத்துக்கு ஒருமுறை குப்பைத் தொட்டியைக் கிளறிப் பாருங்கள் என்று எல்லா முதலாளியிடமும் சொல்வேன். தட்டில் மிஞ்சியது, சமைத்து விற்காதது, கெட்டுப்போனது என்று மூன்றாகப் பிரித்து எடை போட்டால், எந்த அறிக்கையும் சொல்லாததை அது சொல்லும்.

கடைசியாக, கல்லாவில் இருக்கும் பணம் முழுக்க உங்களுடையது இல்லை. அதில் நீங்கள் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி இருக்கிறது. பதினைந்து நாள் கடனில் சரக்கு போட்டவரின் பாக்கி இருக்கிறது. கம்பியில் குத்திவைத்த பில்களை வாரம் ஒருமுறை கழற்றிக் கூட்டிப் பாருங்கள். "கணக்குப்படி லாபம்னு சொல்றீங்க, கையில ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்பவர்களுக்கும், கையில் நிறைய இருக்கிறது என்று நினைத்து வண்டி வாங்கிவிடுபவர்களுக்கும் பதில் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

மெனு பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்குமே?

மெனு பெரிதானால் குளிர்பெட்டி பெரிதாகும், கெட்டுப்போவது பெரிதாகும், மேசையில் காத்திருக்கும் நேரமும் பெரிதாகும். தொடக்கத்தில் இருபது பதார்த்தத்துக்குள் நில்லுங்கள். ஒரே மூலப்பொருள் நான்கைந்து பதார்த்தங்களுக்குப் பயன்பட வேண்டும்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கசவானாவும் ஸ்மித்தும் 1982இல் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பதார்த்தமும் எவ்வளவு விற்கிறது, ஒரு தட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இரண்டையும் வைத்து நான்கு கட்டமாகப் பிரிப்பது. நன்றாக விற்று நன்றாக மிஞ்சுவதை மெனுவில் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். விற்கிறது ஆனால் மிஞ்சவில்லை என்றால் அளவையோ விலையையோ கொஞ்சம் திருத்துங்கள். மிஞ்சும் ஆனால் விற்காததைப் பரிமாறுபவர்கள் வாயால் சொல்லி விற்கப் பாருங்கள். இரண்டும் இல்லாததை எடுத்துவிடுங்கள். அது உங்கள் பாட்டியின் கைப்பக்குவமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய முறைதான், ஒரு தாளும் பென்சிலும் போதும்.

பக்கத்துக் கடை விலையைப் பார்த்து நம் விலையை வைக்கலாமா?

அவர் சொந்தக் கட்டடத்தில் இருக்கலாம். குடும்பமே சமையலறையில் நிற்கலாம். அல்லது அவரும் நட்டத்தில் போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் செலவைப் பார்த்து விலை வையுங்கள்.

டெலிவரி ஆப்களில் சேர்ந்தால் விற்பனை கூடுமா?

விற்பனை கூடும், லாபம் கூடுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கமிஷன் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை போகிறது. 100க்கு விற்கும் ஒன்றை 20 தள்ளுபடியில் கொடுக்கிறீர்கள், மிச்சம் 80. அதில் 25 சதவீதக் கமிஷன் 20 போனால் 60. சரக்கு 32, டப்பா, பை எல்லாம் 5. கையில் 23. இதிலிருந்துதான் சம்பளமும் வாடகையும் மின்சாரமும். ஏற்கெனவே சும்மா இருக்கும் அடுப்பும் ஆட்களும் இருந்தால் இந்த 23 உதவி. இதற்காகவே ஆள் சேர்த்தால், ஒவ்வொரு ஆர்டரும் நட்டம்.

கடையில் சாப்பிட வந்தவர் மேசையில் காத்திருக்க, ஆப் ஆர்டர்கள் முதலில் போவதையும் பார்த்திருக்கிறேன். நெரிசல் நேரத்தில் ஆப்பை அணைத்துவைக்கத் தயங்காதீர்கள்.

இணையத்தில் வரும் நட்சத்திர மதிப்பீடுகளுக்கு அவ்வளவு சக்தியா?

உண்டு. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா 2011இல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தபோது, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். அந்தப் பலன் தனிக் கடைகளுக்குத்தான், பெயர் தெரிந்த சங்கிலிக் கடைகளுக்கு அது பொருட்டாக இல்லை. ஆகவே புதியவர்களுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் காசு கொடுத்துப் பொய் மதிப்பீடு வாங்காதீர்கள். அதை நம்பி வந்தவர் ஏமாந்து எழுதுவதை அழிக்க முடியாது. குறை எழுதியவருக்கு அன்றே, சண்டை போடாமல் பதில் எழுதுங்கள்.

மாஸ்டர் திடீரென நின்றுவிட்டால்?

இதைத் திறப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கிராம் கணக்கில், படிப்படியாக எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். எந்தப் பதார்த்தமானாலும் இரண்டு பேருக்காவது செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிட இடமும் நேரமும் கொடுங்கள். ஆட்கள் நிற்காத கடைகளில் விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இல்லாமல் இருக்கும். கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மரியாதை போய்விட்ட கடைகளும் உண்டு.

சுத்தம், உரிமம் பற்றி?

உரிமம் கைக்கு வரும் முன் திறப்பு நாளை அறிவிக்காதீர்கள். வாடகை ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையெழுத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

சுத்தத்தைப் பொறுத்தவரை, சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் நெடுநேரம் இருக்கக் கூடாது. அந்த வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடானது 60க்கு மேலும் குளிர்ந்தது 5க்குக் கீழும் இருக்கட்டும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்க ஆகும் செலவு மிகச் சிறியது. ஒரே ஒருமுறை நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தப் பெயரை நகரம் மறக்காது.

நண்பரோடு கூட்டாகத் தொடங்கலாமா?

தொடங்கலாம், எழுதி வைத்துவிட்டு. யார் பணம் போடுகிறார், யார் நாள் முழுக்க நிற்கிறார், நிற்பவருக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது. நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள், பிறகு எழுத முடியாது.

வேலையை விடாமல் பக்கத்தில் கடையும் நடத்தலாமா?

நம்பிக்கையான ஆள் இருந்தாலும் முதல் ஆண்டு கடினம். கல்லாவில் முதலாளியோ வீட்டார் ஒருவரோ இல்லாத புதுக் கடை தழைத்ததை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். அதே நேரம், முழு நேரமும் நிற்பவர்கள் வீட்டை இழக்கிறார்கள். முன்பு சொன்ன கொலம்பஸ் ஆய்வில் மூடியவர்களிடம் பேசியபோது, குடும்பத்துக்கு நேரம் கொடுக்க முடியாததையும் பலர் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் சாப்பிடும் நேரம் எல்லாம் உங்களுக்கு வேலை நேரம். பண்டிகை நாளிலும் அப்படித்தான். வீட்டில் உள்ளவர்களோடு இதை உட்கார்ந்து பேசிவிட்டு, கடைக்கு வார விடுமுறை ஒன்றை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

எப்போது மூடிவிட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: இவ்வளவு சேமிப்பு கரைந்தால், அல்லது தொடர்ந்து இத்தனை மாதம் செலவுக்கே விற்பனை போதவில்லை என்றால் நிறுத்துவேன் என்று. கடைக்குள் நின்றுகொண்டு இதை முடிவு செய்ய முடியாது. அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றே மனது சொல்லும். வீட்டு நகையும் பிள்ளைகளின் படிப்புப் பணமும் அந்த அடுத்த மாதத்துக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பழைய அடுப்புக்கும் மேசைக்கும் வாங்கிய விலையில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும், அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். மூடுவது என்று முடிவானால் ஆட்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், சம்பளத்தை முதலில் கொடுங்கள், சரக்குக்காரர்களை நேரில் பார்த்துத் தவணை கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ் எரிந்துபோனவர் பதினோராவது மாதம் மூடினார். கடைசி நாள் எல்லோருக்கும் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார், கடன் முழுவதும் தீர இரண்டு ஆண்டு ஆனது. அதன் பிறகு பதினெட்டு இருக்கை உள்ள சின்ன இடம் ஒன்று பார்த்தார். பழைய மாஸ்டரே திரும்பி வந்து சேர்ந்தார். வாடகை பேசப் போன நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு எதிரில் ஒரு செவ்வாய்க்கிழமை நின்று கோடு போட்ட தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது.